வீரணன் பாஸாகிவிட்டார்

பரீட்சை எழுதுவதெல்லாம் பழங்கதையாகிவிட்டது. யார் எவ்வளவு படிக்கிறார்கள் என்று போனே கவனித்து, அரசு வேலைக்கு ஆள் எடுத்துக்கொள்ளும். தவமணி நான்கு வருடம் அப்பாவின் போனில் விழுந்து விழுந்து படித்தாள். வேலை அப்பாவுக்கு வந்தது.

காய்கறி மண்டியில் மூட்டை தூக்கும் வீரணன் இனி துணை ஆட்சியர்.

"சிம்மு உங்கப்பா பேர்ல இருக்கு. அதுக்கு நாங்க என்னம்மா செய்றது?" என்றார் தேர்வு அலுவலகத்து அதிகாரி.

"எங்க வீட்ல எல்லாத்துக்கும் ஒரே போனுதான் சார். படிச்சது நான். என்கிட்ட கேள்வி கேளுங்க. இப்பவே, இங்கயே கேளுங்க."

"கேள்வி கேக்குற முறையெல்லாம் போயாச்சு. கணக்குப்படி நீ ஒரு எழுத்துகூடப் படிக்கல."

தவமணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆளுக்கொரு போன் இருக்கிற வீட்டில் பிறந்தவன் எவனோ உட்கார்ந்து போட்ட கணக்கு!

மகளோடு வந்து நின்றிருந்த வீரணன் தோள்துண்டை உதறினார். "ஏன் தம்பி, எனக்குக் கையெழுத்தே போட வராது. நாளைக்கு சனங்க மனுவோட வந்து நின்னா நான் என்னத்தப் பண்றது?"

அதுவரை அவர்களை உட்காரக்கூடச் சொல்லாத அதிகாரி, சட்டென்று எழுந்து தன் நாற்காலியையே வீரணன் பக்கம் நகர்த்தினார்.

"அது ஒரு பிரச்சினையே இல்ல சார். மனுவைப் படிச்சுச் சொல்ல ஒரு உதவியாளர் வச்சுக்கலாம். கம்மிச் சம்பளம்தான்."

பிறகு தவமணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"