லாரி கிளம்பியதும்

லாரியின் பக்கக் கண்ணாடியில் இன்றைக்கும் பார்த்துவிட்டான் நஞ்சப்பன். வண்டி நகர்ந்ததுதான் தாமதம், பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி குடத்தோடு வந்து அவன் வாசலில் சளசளவென்று தண்ணீர் ஊற்றினாள்.

பிணம் எடுத்த வீட்டில் பின்னாலேயே கழுவிவிடுவதுபோல.

பிரேக் போட்டு இறங்கினான்.

“ஏனுங்கக்கா, நா உசுரோடதான் போறேன். அதுக்குள்ள எதுக்குங்க கழுவி உடறீங்க?”

“பொழுதோட வாங்க தம்பி, பேசிக்கலாம். லோடுக்கு நேரமாச்சில்லீங்க?”

“லோடு கெடக்குது! ஆறு மாசமாப் பாக்கறேன். நீங்க ஊத்த ஆரம்பிச்சீங்க, எங்கூட்டுக்காரி ராசாத்தா படுத்துட்டா. ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ள இழுக்குது.”

“டாக்டர் என்னங்க சொன்னாரு?”

“மூச்சுக்கொழாயி உள்ளுக்குள்ள வீங்கிக் கெடக்குதாமா. டவுன் தூசி, பொகை எதும் ஆகாதாமா. எவனுக்குங்க இங்க அக்கறை? ரோட்டத் தோண்டறான், மூடறதில்ல. பஸ்ஸுக்காரன் கரியாக் கக்கறான். அது பத்தாதுன்னு நீங்க வேற சாவூட்டு வேல பண்றீங்க!”

எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. சின்னத்தாயி குரலைத் தணித்தாள்.

“மெதுவாப் பேசுங்க. ராசாத்தா காதுல உழுகப்போவுது.”

“உழுகட்டுமே!”

“ஆறு மாசத்துக்கு முந்தி இன்னொன்னும் நடந்துச்சுங்களே தம்பி. உங்க லாரி வந்துச்சு.”

நஞ்சப்பன் திரும்பிப் பார்த்தான். சிமெண்ட் மூட்டை ஏற்றி ஏற்றி வெளுத்துப்போயிருந்தது லாரி. அது கிளப்பிவிட்ட புழுதி, தண்ணீர் படாத பக்கமாகச் சுழன்று, அவன் வீட்டு ஜன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருமல் சத்தம்.

அவன் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களேக்கா...”

“பதினஞ்சு வருசம் அடுத்தவன் வண்டிய ஓட்டுன மனுசன், சொன்னா இந்தச் சொந்த வண்டிய வித்துப்போடுவாருன்னு கைய புடிச்சுட்டு அழுதாளுங்க. தெனமும் எனக்குத் தண்ணி மோந்து குடுக்கறதே உங்க ராசாத்தாதானுங்க தம்பி.”