எட்டாவது நிமிடம்

எட்டாவது நிமிடத்தில் கிழக்கு கேலரி மொத்தமும் எழுந்து நின்றது.

மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பியது.

அவள் மட்டும் திரும்பவில்லை.

கேப்டன் செல்வினின் சட்டை எண் எட்டு. அதனால்தான் எட்டாவது நிமிடம். சீசனின் கடைசி ஆட்டம் இது. ஐந்து வருடம் ஆடிவிட்டு, காண்ட்ராக்ட் முடிகிற நாளாகப் பார்த்து, கிளப்புக்கு ஒரு பைசா வராமல் வேறு கிளப்புக்குப் போகிறவனுக்கு இந்த மரியாதை போதும் என்று ரசிகர் குழுவில் முடிவாகியிருந்தது. போன வாரம் வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு நடந்தபோது அவளும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தாள்.

ஆட்டம் தொடங்கும்வரை வெளியே டீக்கடையில் அதே பேச்சுதான்.

பதினோரு அணிகளில் ஒன்பதாவது இடம். இந்த நிர்வாகத்துக்குக் கோப்பையெல்லாம் வேண்டாம், கடைசி இடத்துக்குப் போகாமல் இருந்தால் அதையே சாதனை என்று போஸ்டர் ஒட்டுவார்கள் என்றார்கள் சிலர். போன வருடம் கோல்கீப்பர் சும்மா போனான். அதற்கு முந்தைய வருடம் இடது ஓரத்தில் ஆடியவன். ஒருவனையாவது காண்ட்ராக்ட் இருக்கும்போதே விற்றிருந்தால் கோல் அடிக்க ஓர் ஆள் வந்திருப்பான்.

குழுவின் தலைவன் குணசீலன் ஒத்துக்கொள்ளவில்லை. நிர்வாகம் என்றைக்கும் அப்படித்தான். இவன் அப்படியா? ஜெயித்த அன்றைக்கெல்லாம் கம்பி வேலியில் ஏறி நம்மோடு பாடியவன். இவன் போகலாமா என்பதுதான் அவன் கேள்வி.

அவள் டீயை ஆறவிட்டபடி நின்றாள்.

அவளுக்குத் தெரிந்தது அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். குழுவின் மேளங்கள் அவள் வேனில்தான் வரும். அவற்றை உள்ளே விட கிளப்பின் கடிதம் வேண்டும். அதை வாங்கக் காலையில் ஆபீசுக்குப் போயிருந்தாள்.

வாசலறையில் செல்வின் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பிள்ளைக்கு அட்மிஷன் கேட்டு வந்த அப்பாவைப் போல.

ஏன் போகிறாய் என்று நேராகவே கேட்டாள்.

அவன் மூடிய கதவைப் பார்த்தான். நான்கு நாளாக வந்துகொண்டிருக்கிறானாம். இன்னும் ஒரே ஒரு வருடம் கேட்க வந்திருக்கிறானாம். நான்கு நாளும் மேனேஜர் மீட்டிங்கில்தானாம். கோவா கூப்பிடுகிறது, கொல்கத்தா கூப்பிடுகிறது என்று ஊர் பேசுவதெல்லாம் அவனே பரப்பியதாம்.

"நா எங்கயும் போகலக்கா. கூப்பிட ஆளில்ல."

குணசீலனிடம் சொல்ல அவள் போனை எடுத்தாள். செல்வின் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தான்.

"சொல்லிராதீங்க. போறான்னு பேச்சு இருந்தாத்தான் எவனாவது கேப்பான். வேண்டாம்னு விட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா, முப்பத்திமூணு வயசுல எவன்க்கா எடுப்பான்?"

அதற்குள் மேளத்துக்கான கடிதம் வந்துவிட்டது. மேனேஜரின் கையெழுத்தோடு.

செல்வின் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் பந்தை எறிய ஓரக்கோட்டுக்கு வந்திருந்தான். முப்பதடி தூரம்கூட இல்லை. பந்தைத் தலைக்கு மேல் தூக்கியவன் கேலரியைப் பார்த்தான். வரிசை வரிசையாக முதுகுகள். நடுவில் ஒரே ஒரு முகம்.

லேசாகத் தலையை அசைத்தான்.

வேண்டாம் என்பதுபோல.

"இன்னாக்கா, உனக்கு மட்டும் தனியா சொல்லணுமா?" என்றான் குணசீலன்.

அவள் திரும்பினாள்.

மேல் படியில் காவலுக்கு நின்ற பெண் போலீஸ் மட்டும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்ப்பதைத் தவிர இவளுக்கு வேறு வழியில்லை. அந்த முகத்தில் புருவம் ஏறியது. வாய் திறந்தது. கை தானாகத் தலைக்குப் போனது.

எதிர்ப்பக்க கேலரியிலிருந்து பெரிய சத்தம் கிளம்பி, பாதியில் அடங்கியது.

இங்கே ஒருவரும் திரும்பவில்லை.

செல்வின் இருபத்தைந்து கஜத்திலிருந்து அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டு வெளியே போயிருந்தது. வீட்டுக்கு வந்து போனில்தான் அதைப் பார்த்தாள். ஆட்டம் இரண்டுக்குப் பூஜ்யம். தோல்வி.

ஜூன் போனது. ஜூலையும் போனது. இரண்டு தடவை அவனுக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது.

புது சீசனின் முதல் ஆட்டத்தன்று மறுபடியும் டீக்கடையில் கூடினார்கள். இந்த வருடம் முதல் நான்கு இடத்துக்குள் வருவோம் என்று நிர்வாகம் அறிக்கை விட்டிருந்தது. ஒருவரும் நம்பவில்லை. எல்லோரும் டிக்கெட் வாங்கியிருந்தார்கள்.

குணசீலன் பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு கிளப்பும் வெளியிட்ட ஆட்டக்காரர் பட்டியலைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தான். கோவாவில் இல்லை. கொல்கத்தாவில் இல்லை. இரண்டாம் டிவிஷனிலும் தேடினான்.

"எங்கியுமே பேரக் காணோமே. ஒருத்தனும் எடுக்கலியா?"

பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தில் சிரிப்பு பரவத் தொடங்கியது.

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"கொல்கத்தால மூணு வருஷம் காண்ட்ராக்ட் போட்டிருக்காங்க. லிஸ்ட் அடுத்த வாரம்தான் மாத்துவாங்களாம்."

சிரிப்பு நின்றது.

குணசீலன் போனைச் சட்டைப் பையில் போட்டான். துரோகி என்றான்.

ஆமாம் என்று அவள் தலையாட்டினாள்.