விரலில் சுற்றிய தங்கூசி

பங்குனி இரண்டாம் ஞாயிறு, காலை ஆறேகால். தென்னேரி ஏரியின் மதகுக் கல்லில் நிற்கும் குரு, தூண்டிலின் நைலான் நரம்பான தங்கூசியைச் சுட்டுவிரலில் மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறான். தறியில் அறுந்த பட்டிழையின் நுனியை அப்படித்தான் பிடித்துக்கொள்வான். இரையாகக் கோத்த கெண்டையை விழுங்கிய வாளை மீன் ஆழத்துக்கு இழுக்க, தங்கூசி சதைக்குள் இறங்குகிறது. இளவெயிலில் அதன் மேல் சிவப்புத் துளிகள் வரிசையாக ஓடுகின்றன. “வுட்றா மச்சான்! இது இன்னா உன் தறி இழையா?” அக்கா புருஷன் தர்மன் கரையிலிருந்து கத்தியோடு ஓடி வருகிறான். “நான் எங்க மாமா புடிச்சிக்கினு இருக்கறேன், அதுதான் என்னைப் புடிச்சிக்கினு இருக்குது!” மீன் எகிறி, வெள்ளை வயிற்றைக் காட்டி, நீரை அறைந்து விழுகிறது. குருவின் முழங்கால் கல்லில் மோதுகிறது. தர்மன் தங்கூசியை அறுத்ததும் மீன் போய்விடுகிறது. மூன்று வளையங்கள் மட்டும் எலும்புவரை புதைந்திருக்கின்றன. விரல் நுனி நீலமாக இருக்கிறது. நாளை தறியில் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டிய விரல் அது. தர்மன் கத்தி முனையை உள்ளே விட்டு, ஒவ்வொரு வளையமாக நெம்பி வெட்டுகிறான். குரு தன் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருக்கிறான். மூன்றாவதும் வந்துவிடுகிறது. ரத்தம் கல்லில் சொட்டுகிறது.

“விரல மடக்கு மச்சான். கொஞ்சமா மடக்கிக் காட்டுபா.”