ஜூனிபர்ப் பழங்கள்

நோர்வேயில், வீட்டுக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவில் இராசநாயகம் கடைசியாகப் பறித்துவந்தது ஒரு கிண்ணம் ஜூனிபர்ப் பழம். மிளகைவிடச் சற்றே பெரிதாக, கருநீலமாக இருந்தன. “இறைச்சிக் கறிக்குப் போட்டுப் பாப்பம்” என்று சமையலறை யன்னலோரம் காயவைத்தார். மூன்றாம் நாள் மாரடைப்பில் போய்விட்டார். அவரை எரித்துவிட்டு வந்ததிலிருந்து மனைவி தவமலர் அழவுமில்லை, பேசவுமில்லை. கொடுத்தால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் காலை, கிண்ணத்தின் விளிம்பில் அரிசிமணி அளவில் சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒரு பழத்தில் ஊசி குத்தியதுபோல் துளை.

“பழத்துக்குள்ள புழு இருந்திருக்கு அம்மா. எல்லாத்தையும் கொட்டிப்போடுறன்” என்று மகள் கௌசி கிண்ணத்தைத் தூக்கினாள். தவமலர் அதன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. பூச்சியையாவது துரத்துவோமென்று கௌசி யன்னல் பிடியில் கைவைத்தாள்.

“திறக்காதை பிள்ளை” என்றாள் தவமலர். குரல் கரகரத்தது. “வெளியில பனி கொட்டுது.”

அம்மா இன்னும் ஏதாவது சொல்வாள் என்று கௌசி கையை எடுக்காமலே நின்றாள். தவமலர் ஒவ்வொரு பழமாக எடுத்து, காதருகே வைத்துக் கேட்கத் தொடங்கினாள்.