கழுத்துப் பட்டை

“ஸ்கூட்டர்ல வந்த திருடன் ஒரு குடையை என் கழுத்துல கொக்கி மாதிரி மாட்டி, ரெண்டு கிலோமீட்டர் தரதரன்னு இழுத்துட்டுப் போனான். நான் விசில் அடிச்சுக்கிட்டே கூடப் போனேன்!”

தைராய்டு டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒருவரும் இதை நம்பவில்லை. சொன்னவருக்கு அது பழகிப்போன விஷயம். நாற்பது வருடம் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்பவர்கள் மூன்றாவது மாடியில் இறங்கிப் போவதற்குள் கதையை முடித்தாக வேண்டும். அதனால் சின்னதாக ஆரம்பிக்கிற பழக்கமே அவருக்கு இல்லை. “ஆமாம், இது நடந்ததுதான்” என்று ஒருவராவது சொல்லி, கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

தாடையை முட்டும் கழுத்துப் பட்டையோடு, பத்து நாளாக அதே நாற்காலி, அதே கதை.

“கழுத்துல அடிபட்டதுக்குத் தைராய்டு டாக்டர் எதுக்குங்க?” என்றார் எதிரே இருந்த அம்மாள்.

“நல்லாக் கேட்டீங்க! தைராய்டு கழுத்துலதானே இருக்கு? பலமா அடிபட்டா கலங்கிடும். உள்ள இருக்கிற ஹார்மோன் மொத்தமும் ரத்தத்துல கொட்டும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வேர்த்து ஊத்தும். எவ்வளவு தின்னாலும் உடம்பு இளைக்கும். நேத்து ஒரு அண்டாச் சோறு தின்னேன். இன்னிக்குக் காத்துல பறந்துடக் கூடாதேன்னு பாக்கெட்ல கல்லைப் போட்டுட்டு வந்திருக்கேன்!”

“கோபமும் வருமோ?”

கேட்டவன் மூலையில் இருந்தான். முதலிலிருந்தே முறைத்துக்கொண்டிருந்தவன். வியர்வை வழிந்தும் கழுத்தில் சுற்றியிருந்த மப்ளரை அவன் கழற்றவில்லை. கையில் டோக்கன் படபடவென்று ஆடியது.

“பொல்லாத கோபம் வரும் தம்பி. உங்களுக்கு என்ன ஆச்சு?”

“கதவு இடிச்சிடுச்சு.”

“அடடா!” லிஃப்ட்காரர் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டார். “அந்தத் திருடன் இருக்கானே, எட்டடி உயரம்...”

“எட்டடியில மனுசனே கிடையாது.”

“உயரம்தான் எட்டடி. ஆளு சரியான தொடைநடுங்கி. திரும்பி ஒரு முறை முறைச்சேன். ‘சாமி, விட்டுடுங்க’ன்னு கால்ல விழுந்துட்டான்.”

“சும்மா அளக்காதீங்க பெருசு.”

“வயசான மனுசன் கழுத்தைப் பிடிக்கத்தான் அவனுக்குத் துப்பு. அப்புறம் பச்சைக் குழந்தை மாதிரி மூக்கைச் சிந்திக்கிட்டு ஒரே அழுகை...”

மப்ளர்காரன் துள்ளி எழுந்தான்.

“யோவ்! வாயைத் திறந்தா பொய்யா? எவன்யா அழுதான்? எவன்யா உன் கழுத்தைத் தொட்டான்? உன் கையில இருந்த லேடீஸ் பையை மட்டும்தானே நான் பிடுங்கினேன்! குடைப்பிடியை என் கழுத்துல மாட்டி, ஸ்கூட்டர்லேருந்து இழுத்துத் தள்ளினது நீதானேய்யா!”

நர்ஸ் சத்தமில்லாமல் வாசல் கதவைப் பூட்டினாள்.

லிஃப்ட்காரர் பட்டையைக் கழற்றினார். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டரிடம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்:

“கேட்டியாம்மா? உங்க அம்மா பையைத் தொலைச்சுட்டுக் கதை விடறேன்னு நீயும் அவளும் சிரிச்சீங்களே! ‘நிஜமாவே குடையால அப்படி இழுத்திருந்தா, அவன் தைராய்டு கலங்கி என்கிட்டதான்பா வந்து நிக்கணும்’னியே... வந்துட்டான்!”

மகள் மப்ளர்காரனைப் பார்த்தாள்.

நாற்பது வருடத்தில் அவள் அப்பாவின் கதைக்குக் கிடைத்த முதல் சாட்சி, நடுங்கும் கையால் மப்ளரை அவிழ்த்து, குடைப்பிடி போலவே வளைந்து கன்றிப்போயிருந்த தடத்தைக் காட்டினான்: “ஆமாம் டாக்டர், இது நடந்ததுதான்.”