பல்பு வளர்த்த குஞ்சுகள்

கோழி கொத்தியது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். புறங்கையில் ரத்தம் பொட்டாக எழுந்தது. உள்ளங்கைக்குள் குஞ்சு நடுங்கிக்கொண்டிருந்தது.

"லைட்ட அமத்து கண்ணு" என்றாள் மாமியார் துளசிமணி.

"இருட்டுல பயந்துக்குமுங்க அத்தை."

குஞ்சுகளுக்குத் தெரிந்தது பல்பு ஒன்றுதான். அவள் கணவன் பண்ணையில் வாங்கி வந்தவை. டிவி வந்த அட்டைப்பெட்டியில் விட்டு, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டதோடு அவன் கடமை முடிந்தது. நொய் தூவியதும் தண்ணீர் மாற்றியதும் அவள். ஆனால் அவள் கை உள்ளே போனால் குஞ்சுகள் சிதறி ஓடும். பல்புக்குக் கீழே போய் ஒண்டிக்கொள்ளும்.

தாய், தகப்பன், குலதெய்வம் எல்லாம் பல்புதான்.

ஐப்பசி மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. போன போதெல்லாம் குஞ்சு விறைத்துச் செத்தது. மிஞ்சியவற்றை இனி இந்தக் கோழிதான் காப்பாற்ற வேண்டும்.

கொத்திக் கொன்றாலும் கொன்றுவிடும். துளசிமணி அதை முதலிலேயே சொல்லிவிட்டாள்.

கோழிக்கு இது முதல் அடை. வைத்த முட்டை அத்தனையும் கூமுட்டையாகப் போய்விட்டது. முட்டைகளை எடுத்து வீசிய பிறகும் அது எழுந்திருக்கவில்லை. தீனி எடுக்காமல், வெறும் வைக்கோலின் மேல் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது.

தாயைக் காணாத குஞ்சு. குஞ்சைக் காணாத தாய்.

ஒட்டுமா?

அவளுக்கு அது கோழி விஷயமாக மட்டும் இல்லை.

அவளும் அனாதை இல்லத்தில் வளர்ந்தவள். நீளக் கூடம், வரிசையாகப் பாய்கள், விடியும்வரை அணைக்காத ட்யூப்லைட். இன்றும் விளக்கை அணைத்தால் அவளுக்குத் தூக்கம் வராது. கணவன் துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு தூங்கப் பழகிவிட்டான்.

இப்போது வயிறு மேடிட்டிருக்கிறது. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கட்டுச்சோறு எப்போது?

தாய்வீட்டார் வகைவகையாகச் சோறு ஆக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். பெண்ணுக்கு வளையல் பூட்டி, தலைப்பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஊர் வழக்கம் அது. கேட்கிறவர்கள் மேல் தப்பில்லை. அவள் சிரித்து மழுப்பிவிட்டு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

துளசிமணி இதைப்பற்றி இன்றுவரை வாயே திறக்கவில்லை. ஊர் கேட்டதைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"அட, அமத்துங்கறேன். இருட்டுலதான் கோழி சேத்துக்கும்."

அவள் அணைத்தாள்.

பெட்டியே அலறியது. அத்தனை சின்னத் தொண்டைகளில் அவ்வளவு பெரிய கூச்சல். கதவிடுக்கில் மழைநாள் அந்தியின் சாம்பல் வெளிச்சம் கோடாகக் கிடந்தது. குஞ்சுகள் அதை நோக்கி ஓடி அட்டையில் முட்டிக்கொண்டன.

கையிலிருந்த குஞ்சைக் கோழியின் பின்பக்கமாகக் கொண்டுபோய் இறகுக்கு அடியில் விட்டாள்.

கோழி உறுமியது. உடம்பு முழுவதும் சிலிர்த்து இரண்டு மடங்கானது.

குஞ்சின் சத்தம் நின்றுவிட்டது.

செத்துவிட்டதா? பக்கத்தில் துளசிமணியின் வளையல் மட்டும் ஒருமுறை ஒலித்தது.

பிறகு கோழி ஒரு சத்தம் போட்டது.

கொக்கரிப்பு இல்லை. உறுமலும் இல்லை. மிகவும் தாழ்ந்த, விட்டுவிட்டு வருகிற ஒரு சத்தம். அந்தக் கோழி அதுவரை அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. அதுவே கேட்டிருக்குமா என்று தெரியவில்லை.

இறகுக்குள்ளிருந்து பதில் வந்தது. அலறல் இல்லை. ஒரு சின்னக் குழைவு. தூக்கத்தில் பேசுவதைப் போல.

அவளுக்குப் புல்லரித்தது.

யார் சொல்லிக் கொடுத்தது இதை? பல்பா?

பெட்டியில் மற்ற குஞ்சுகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஓடவில்லை. முட்டவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்தாள். வெளியே வந்தவை வெளிச்சக் கோட்டை மிதித்துத் தாண்டி, இருட்டாக உட்கார்ந்திருந்த அந்தக் கோழியிடம் நேராகப் போயின. வழி தெரிந்தவை மாதிரியே போயின.

கோழி லேசாக எழுந்தது. இறக்கைகளை அகட்டியது. எல்லாம் உள்ளே போகும்வரை அப்படியே நின்று, பிறகு மெதுவாக அமர்ந்தது.

ஒரு குஞ்சின் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கோழி அலகால் அதையும் உள்ளே தள்ளியது.

ஓட்டின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது.

"வர்ற வெள்ளிக்கெழமை கட்டுச்சோறு வெச்சர்லாம்" என்றாள் துளசிமணி. கோழியிடம் சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

"யாருங்க அத்தை கொண்டாருவாங்க?"

"ஏன், நாந்தான். விடியால எந்திரிச்சு நம்ம அடுப்புலயே ஆக்கி, பின்னால பொடக்காலிக் கதவு வழியாப் போயி, தெருவச் சுத்தி முன்வாசல்ல வந்து நிக்கறேன்."

"அப்பறம் என்னையக் கூட்டிட்டு எங்கீங்க போவீங்க?"

"மறுக்காத் தெருவச் சுத்தி, பொடக்காலி வழியா உள்ள வந்தர்லாம்."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணீரும் கூடவே வந்துவிட்டது.

துளசிமணி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசல் நிலையில் நின்று திரும்பினாள்.

"ஒண்ணு புள்ள. சோத்தோட வந்து நிக்கறப்ப 'வாங்க அத்தை'ன்னு கூப்புட்டுப்போடாத. ஊரு சிரிக்கும். அன்னிக்கு நான் பொண்ணு வூட்டுக்காரி."

போய்விட்டாள்.

அவள் அந்த இருட்டில் உட்கார்ந்து, இதுவரை யாரையும் அழைத்தறியாத சொல்லைச் சேர்த்து மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

'வாங்க' வரைக்கும் வந்தது.