நாலு நல்ல வார்த்தை

“தங்கமான மனுஷர்னு சொல்லு. குடி கிடி எதுவும் கிடையாதுன்னு சொல்லு. வாடகை ஒண்ணாம் தேதி டாண்ணு கைக்கு வந்துடும்னு சொல்லு. அவ்வளவுதான், சனியன் ஒழிஞ்சுது!” என்றார் அண்ணன்.

“பொய் சொல்லணுமாண்ணே?”

“பின்னே? உண்மையைச் சொன்னா எவன் அவனுக்கு வீடு கொடுப்பான்? வாடகைக்காரனைச் சண்டை போட்டு வெளியேத்த முடியாது. நல்ல பேரு கொடுத்துத்தான் கிளப்பணும்.”

தங்கை, மேசைமேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடிக்காரன் வேறு வீடு பார்த்திருந்தான். அந்த வீட்டுக்காரர் இவளிடம் விசாரிக்கப் போகிறார். “நாலு நல்ல வார்த்தை சொன்னா காலி பண்றேன். இல்லேன்னா இதே மாடிதான், இதே நான்தான்” என்று காலையிலேயே படியில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கணவன் கண்ணை மூடிய பிறகு வந்த பணம் மொத்தத்தையும் கொட்டி அந்த மாடியைக் கட்டினாள். “மாடி கட்டி வாடகைக்கு விடு. காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்து சாப்பிடலாம்” என்று யோசனை சொன்னது அண்ணன்தான். மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர் சொன்னால் தப்பாகுமா? “பழைய வீட்டுல ரொம்ப நல்ல பேரு” என்று சொல்லி இந்த ஆளைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

கடைசியில், சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டது. வாடகை என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகிறது. கேட்டால் பாட்டில் பறந்து வரும். குடித்துவிட்டு வந்து இவள் கதவை உதைப்பான். பக்கத்துப் போர்ஷனில் இருந்த டீச்சர் குடும்பம் பயந்துபோய்க் காலி செய்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரரும் அவனோடு சிரித்துப் பேசிவிட்டுப் போய்விட்டார். கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறாள். தூக்கம் எங்கே வருகிறது? இப்படியும் ஒரு பிழைப்பா என்று வெறுத்துப்போயிருந்தாள்.

போன் அடித்தது. அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டார்.

வயதான குரல். “ஆள் எப்படிம்மா?”

“தங்கமான மனுஷர்ங்க.”

“குடிப்பழக்கம்?”

“சேச்சே!”

“வாடகை?”

“ஒண்ணாம் தேதி வந்துடும்ங்க.”

அண்ணன் முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது.

“ரொம்ப சந்தோஷம்மா. கீழ் வீட்டுல என் பொண்ணு கைக்குழந்தையோட தனியா இருக்கா. மாப்பிள்ளை தவறிட்டார். நான் இருக்கறது வெளியூர்ல. மாடியில நல்ல மனுஷரா ஒருத்தர் இருந்தா அவளுக்கும் ஒரு துணைன்னு பார்த்தேன். நீங்க சொன்னப்புறம்தான் எனக்கு நிம்மதி.”

அந்தப் பெண்ணும் நாளைக்குக் கட்டிலை இழுத்துக் கதவில் சாய்ப்பாள்.

அண்ணன் போனை அணைக்கக் கை நீட்டினார். அவள் முந்திக்கொண்டாள்.

“ஐயா, வச்சுடாதீங்க! நான் சொன்னது அத்தனையும் பொய். அவன் குடிகாரன். ராத்திரியில கதவை உதைப்பான். உங்க பொண்ணு இருக்கற வீட்டுக்குள்ள அவனை விட்டுடாதீங்க!”

“நீ நல்லா இருக்கணும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

நன்றாக எங்கே இருப்பது? இனி அவன் ஆயுசுக்கும் இந்த மாடியைவிட்டு நகர மாட்டான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

அண்ணனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

“பைத்தியமா உனக்கு? ஊரான் வீட்டுப் பொண்ணு எக்கேடு கெட்டா உனக்கென்ன? உன்னை மாதிரி நானும் உண்மை பேசிக்கிட்டு இருந்திருந்தா, அவன் இன்னைக்கும் என் வீட்டு மாடியிலதான் இருந்திருப்பான்!”